இரண்டாவதாக விழுந்த டிஸ்க்கைக் காப்பாற்றுங்கள்

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். சிவகாசியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை நிதானமாகப் படித்தேன். மற்ற வாசகர்களுக்காக அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆஃப்செட் அச்சகத்தின் டிசைன் பிரிவில் 2018-இல் வாங்கிய நாஸ் பெட்டி ஒன்று, அதாவது எல்லாக் கணினிகளும் வலையமைப்பு வழியே பயன்படுத்தும் கோப்புச் சேமிப்புப் பெட்டி, இருக்கிறது. 4 டெராபைட் அளவுள்ள நான்கு ஹார்டு டிஸ்க்குகளை, ஒன்று போனாலும் தரவு தப்பும்படி ஒரே தொகுதியாக்கும் ரெய்டு 5 முறையில் இணைத்து, காலண்டர், டைரி, அழைப்பிதழ் என்று எல்லா டிசைன்களையும் அதில்தான் வைத்து வந்திருக்கிறீர்கள். ஐந்து வாரங்களுக்கு முன் மூன்றாம் டிஸ்க்கின் விளக்கு ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது. கோப்புகள் வழக்கம்போல் திறந்ததால் வேலையை நிறுத்தாமல் தொடர்ந்தீர்கள். சென்ற வாரம் அந்த இடத்தில் புதிய டிஸ்க் ஒன்றைப் போட்டு, விடுபட்ட தரவை அதில் மறுபடி எழுதும் ரீபில்டு தொடங்கியபோது, 61 சதவீதத்தில் முதலாம் டிஸ்க்கும் பழுதென்று பெட்டி அறிவித்து, டிஸ்க்குகள் சேர்ந்த மொத்தச் சேமிப்பிடமான வால்யூம் முழுவதும் காணாமல் போனது. பின்னர் ஒருவர் டிஸ்க்குகளை வெளியே எடுத்ததில் வரிசை மாறியிருக்குமோ என்று அஞ்சுகிறீர்கள். விண்டோஸ் கணினியில் மாட்டிப் பார்க்கலாம் என்று ஒருவரும், அதே அளவுகளில் ரெய்டைப் புதிதாக உருவாக்கினால் பழைய கோப்புகள் திரும்ப வரும் என்று இன்னொருவரும் சொல்லியிருக்கிறார்கள். ஆடிப்பெருக்கன்று புதிய ஆண்டின் காலண்டர் ஆல்பத்தை வெளியிட வேண்டிய நெருக்கடியில், மீட்க முடியுமா, நாமே செய்யலாமா, ஆய்வகத்துக்கு அனுப்புவதென்றால் எந்த டிஸ்க்கை அனுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் நிலையில் பெரும்பகுதிக் கோப்புகள் மீள்வதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றே கருதுகிறேன். இந்த வாய்ப்பு, இதுவரை பழுதானது எது என்பதைவிட, இனிமேல் அந்த டிஸ்க்குகளில் எவரும் ஒரு எழுத்துகூட எழுதாமல் இருப்பதைத்தான் பெரிதும் சார்ந்திருக்கிறது. ஆகவே மேற்கொண்டு படிப்பதற்கு முன் பெட்டியை முறைப்படி அணைத்து, மின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். பெட்டி சும்மா ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். பெரும்பாலான நாஸ் பெட்டிகளில் இயங்குதளமே எல்லா டிஸ்க்குகளின் தொடக்கத்திலும் சிறு பகுதியில் பிரதியாக இருக்கும். எனவே பெட்டி உயிருடன் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நலிந்த டிஸ்க்கும் சேர்ந்தே சுழன்று, படித்து, எழுதிக்கொண்டிருக்கும்.

அணைத்த பிறகு, ஒவ்வொரு டிஸ்க்கின் மீதும் அது எந்த இடத்திலிருந்து வந்தது என்பதையும், அதன் வரிசை எண்ணையும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். பழைய நான்கோடு, பாதி ரீபில்டு ஆன புதிய டிஸ்க்கும் சேர்ந்து மொத்தம் ஐந்து. புதியதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அதற்கும் பயன் இருக்கிறது. இடம் மாறியிருக்குமோ என்ற உங்கள் அச்சத்தைப் பொறுத்தவரை பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. சிறு நிறுவனங்கள் பயன்படுத்தும் நாஸ் பெட்டிகளில் பெரும்பாலானவை உள்ளே லினக்ஸின் மென்பொருள் ரெய்டைக் கொண்டவை. அந்த அமைப்பு ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு குறிப்பேட்டை எழுதி வைத்திருக்கிறது. சூப்பர்பிளாக் எனப்படும் அதில், இந்த டிஸ்க் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது, அதில் இதற்கு எத்தனையாவது இடம், தரவை வெட்டி வைக்கும் துண்டின் அளவு என்ன, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதெல்லாம் இருக்கும். கைமாறிய வரிசையை அந்தக் குறிப்பைப் படித்தே சரிசெய்துவிடலாம், அது அழியாமல் இருக்கும் வரையில்.

அழியாமல் இருக்கும் வரையில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், உங்களுக்குக் கிடைத்த இரண்டு யோசனைகளும் அதற்கு எதிரானவை என்பதுதான். விண்டோஸுக்கு இந்த டிஸ்க்குகளில் உள்ள லினக்ஸ் அமைப்பு புரியாது. மாட்டியவுடன் இனிஷியலைஸ் செய்யவா, ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். பதற்றத்தில் ஒருவர் சரி என்று அழுத்திவிட்டால், டிஸ்க் எப்படிப் பகுக்கப்பட்டிருக்கிறது என்ற பார்ட்டிஷன் விவரம் இருந்த இடத்தில் புதிதாக ஒன்று எழுதப்பட்டுவிடும். ரெய்டைப் புதிதாக உருவாக்குவது இதைவிடவும் மோசமானது. அது பழைய சூப்பர்பிளாக்குகளின் மீது புதியவற்றை எழுதும். டிஸ்க்குகளின் வரிசை, துண்டின் அளவு, தரவு தொடங்கும் இடம் ஆகிய எல்லாமே பழையபடி அமைந்தால்தான் எதுவும் புலப்படும். தரவு தொடங்கும் இடமோ அந்த மென்பொருளின் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியது. போதாக்குறைக்கு, நான்கு டிஸ்க்குகளையும் கொடுத்து உருவாக்கினால் தொலைந்ததைக் கணக்கிட உதவும் உபரித் தரவான பேரிட்டியை உடனே சீர்செய்கிறேன் என்று பின்னணியில் மணிக்கணக்காக எழுதத் தொடங்கிவிடும். வரிசை தவறியிருந்தால் அந்த எழுத்து நல்ல தரவின் மீதே விழும். கைதேர்ந்தவர்கள் எல்லா வழியும் அடைபட்ட பிறகு, நகல்களின் மீது மட்டும், ஓர் இடத்தைக் காலியாக விட்டுச் செய்து பார்க்கும் கடைசி முயற்சி அது. முதல் முயற்சியாக, அதுவும் அசல் டிஸ்க்குகளில், யாரும் அதைச் செய்யக் கூடாது.

இனி, உங்கள் பெட்டிக்குள் உண்மையில் என்ன நடந்தது என்று பார்ப்போம். இது தெரிந்தால்தான் எந்த டிஸ்க் முக்கியமானது என்பது விளங்கும். ரெய்டு 5-இல் ஒவ்வொரு கோப்பும் சிறு சிறு துண்டுகளாக, பல பெட்டிகளில் 64 கிலோபைட் வீதம், வெட்டப்பட்டு டிஸ்க்குகளில் மாறி மாறி வைக்கப்படுகிறது. ஒரே நிலையில் உள்ள மூன்று துண்டுகளுக்கு ஒரு பேரிட்டித் துண்டு நான்காவதாக எழுதப்படும். மூன்று துண்டுகளில் ஒரே இடத்திலுள்ள பிட்டுகள் 1, 0, 1 என்று இருந்தால், ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி பேரிட்டி பிட் 0 ஆகும். நடுவில் உள்ள பிட் தொலைந்துபோனால், எஞ்சிய 1, 1, 0 ஆகியவற்றில் ஏற்கெனவே இரட்டைப்படை இருப்பதால் தொலைந்தது 0 என்று கண்டுபிடித்துவிடலாம். பேரிட்டி ஒரே டிஸ்க்கில் இல்லாமல் நான்கிலும் சுழற்சியாக வைக்கப்படுகிறது. அதற்கான இடம் போகத்தான் உங்களுக்கு 16 டெராபைட்டில் 12 கிடைத்தது. ஒரு டிஸ்க் போனால் கணக்குப் போட்டுச் சமாளிக்கலாம், ஒரே இடத்தில் இரண்டு போனால் கணக்கு நிற்காது.

மூன்றாம் டிஸ்க் விலகிய நாள் முதல் பெட்டி இப்படிக் கணக்குப் போட்டே உங்களுக்குக் கோப்புகளைக் கொடுத்துக்கொண்டிருந்தது. புதிய டிஸ்க்கைப் போட்டதும், அதில் எழுத வேண்டியதைக் கண்டறிவதற்காக, மீதி மூன்று டிஸ்க்குகளையும், செக்டர் எனப்படும் மிகச் சிறு சேமிப்புக் கட்டங்களில் முதலாவதிலிருந்து கடைசி வரை அது படித்தாக வேண்டியிருந்தது. பல ஆண்டுகளாக யாரும் திறந்தே பார்க்காத பழைய காலண்டர் படங்கள் இருக்கும் பகுதிகளையும் அன்றுதான் அது தொட்டது. அப்படிப்பட்ட இடங்களில் படிக்க முடியாத செக்டர்கள் எவருக்கும் தெரியாமல் உருவாகியிருப்பது சாதாரணம். மேசைக் கணினிகளுக்கான பல டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் உறுதியே, 100 லட்சம் கோடி பிட்டுகளைப் படித்தால், அதாவது ஏறத்தாழ 12.5 டெராபைட்டுக்கு, படிக்க முடியாத செக்டர் ஒன்றுக்கு மேல் வராது என்பதுதான். நடைமுறையில் நல்ல டிஸ்க்குகள் இதைவிடச் சிறப்பாகவே இருக்கின்றன. ஆனால் உங்கள் பெட்டி அன்று படிக்க வேண்டியிருந்தது 12 டெராபைட். டிஸ்க்குகளின் வயதையும் சேர்த்துப் பார்த்தால், ரீபில்டின்போது இன்னொரு டிஸ்க் தடுமாறியதில் வியப்பில்லை. மற்ற நேரங்களில் ஒரு செக்டர் படிக்கவில்லையென்றால் பேரிட்டியிலிருந்து கணக்கிட்டுச் சரிசெய்துகொள்ளும் பெட்டி, ஏற்கெனவே ஒரு டிஸ்க் இல்லாத நிலையில் அதைச் செய்ய முடியாமல், அந்த டிஸ்க்கையே பழுதென்று தள்ளிவிடுகிறது.

இந்த இடத்தைத்தான் நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முதலாம் டிஸ்க் பழுது என்று பெட்டி சொன்னதன் பொருள், அந்த டிஸ்க்கில் உள்ளது போய்விட்டது என்பதன்று. 4 டெராபைட் டிஸ்க் ஒன்றில் 4096 பைட் அளவுள்ள செக்டர்கள் 97 கோடிக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் சில பத்தோ சில நூறோ படிக்காமல் போனதற்காக முழு டிஸ்க்கும் தொகுதியிலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம். ரீபில்டு 61 சதவீதம் வரை நடந்தது என்ற செய்தி எனக்குத் தெம்பளிக்கிறது. அந்த அளவு வரைக்கும் 1, 2, 4 ஆகிய மூன்றையும் பெட்டி முழுமையாகப் படித்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. ஒரு நூறு செக்டர்கள் உண்மையாகவே போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். அதோடு, அதே நிலைகளில் மூன்றாம் டிஸ்க்கில் இருந்திருக்க வேண்டிய துண்டுகளையும் கணக்கிட முடியாமல் போகும். அப்போதும் மொத்த இழப்பு ஒரு மெகாபைட்டை எட்டாது. சில கோப்புகள் பழுதாகும், மற்றவை பிழைக்கும்.

மூன்றாம் டிஸ்க்கின் கதை வேறு. அது நன்றாகச் சுழலக்கூடும், எல்லா செக்டர்களும் படிக்கவும் கூடும். விளக்கு எரிந்ததற்குக் காரணம் கேபிள் தளர்வாகவோ ஒரு தற்காலிகத் தடுமாற்றமாகவோ இருந்து, டிஸ்க் நலமாகவே இருப்பதை எங்கள் வேலையில் அடிக்கடி காண்கிறோம். ஆனால் அதில் இருப்பது ஐந்து வாரங்களுக்கு முந்தைய நிலை. அதன் பிறகு உங்கள் டிசைனர்கள் சேமித்த எதுவும், குறிப்பாக ஆடிப்பெருக்கு ஆல்பத்துக்கான புதிய வேலைகள் எவையும், அதில் சேரவில்லை. நலமாகத் தெரியும் அந்த டிஸ்க்கை, நலிந்த முதலாம் டிஸ்க்குக்குப் பதிலாக 2, 4 ஆகியவற்றோடு சேர்த்து வலிந்து இணைத்தால், பழைய துண்டும் புதிய துண்டும் கலந்து கணக்குப் போடப்படும். ஐந்து வாரங்களாகத் தொடப்படாத கோப்புகள் சரியாக வரும். மாற்றப்பட்டவை சிதையும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் கோப்பு முறைமையின் அட்டவணைகள் பாதி பழையவையும் பாதி புதியவையுமாகக் கலந்து நிற்கும். அந்த நிலையில் யாரேனும் எஃப்எஸ்சிகே போன்ற பழுதுநீக்கும் கட்டளையை ஓட்டினால், முரண்படும் எல்லாவற்றையும் வெட்டியெறிந்து அட்டவணையைச் சீர்செய்து முடிக்கும், கோப்புகள்தான் அதில் இருக்காது. மீட்கக்கூடிய நிலையில் இருந்த ரெய்டு தொகுதிகள் மீட்க முடியாதவையாக மாறுவது பெரும்பாலும் இந்த வரிசையில்தான்.

எந்த டிஸ்க் பழையது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. லினக்ஸில் எம்டிஏடிஎம் என்ற நிரலின் ஆய்வுக் கட்டளை ஒவ்வொரு டிஸ்க்கின் சூப்பர்பிளாக்கையும் படித்துக் காட்டும், எதையும் எழுதாது. அதில் நிகழ்வு எண் என்று ஒன்று இருக்கும். தொகுதியின் நிலையில் மாற்றம் பதிவாகும்போதெல்லாம் அந்த எண் கூடிக்கொண்டே போகும். 2, 4 ஆகியவற்றில் அது ஒன்றாகவே இருக்கும், முதலாம் டிஸ்க்கில் சிறிதளவு குறைந்திருக்கும், மூன்றாம் டிஸ்க்கில் வெகுவாகப் பின்தங்கியிருக்கும். கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட தேதியும் நேரமும் அருகிலேயே இருக்கும்.

ஆக, செய்ய வேண்டிய வேலை முதலாம் டிஸ்க்கிலிருந்து இயன்ற அளவு முழுமையான நகல் எடுப்பது, பிறகு 1, 2, 4 ஆகியவற்றின் நகல்களைக் கொண்டு, மூன்றாம் இடத்தைக் காலியாக விட்டுத் தொகுதியைத் திறப்பது. நீங்களே செய்யலாமா என்ற கேள்விக்கு, அந்த டிஸ்க் எழுப்பும் ஒலியும், தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் அதன் ஸ்மார்ட் பதிவுகளும்தான் விடை சொல்ல வேண்டும். டக் டக்கென்று சீராகத் தட்டும் ஒலி, உரசும் ஒலி, சுழலத் தொடங்கி நின்றுவிடுவது, கணினி அதன் அளவைப் பூஜ்யம் என்று காட்டுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். படிக்கும் தலை டிஸ்க்கின் பரப்புக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் மிதப்பது. சேதமடைந்த தலையோடு ஓட ஓட, பரப்பில் கீறல் கூடிக்கொண்டே போகும். தூசியற்ற சூழலில் தலையை மாற்றத் தெரிந்த ஆய்வகம்தான் அதற்கு உரியது. மூடியைத் திறந்து பார்ப்பது, ஃப்ரீசரில் வைப்பது, அதே மாடல் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டைக் கழற்றி இதில் பொருத்துவது என்று இணையத்தில் உலவும் முறைகளில் எதையும் முயலாதீர்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். போர்டைப் பொறுத்தவரை, இன்றைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டிலுள்ள ஒரு சிப்பில் பதிந்திருப்பதால், சிப்பையும் மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றிப் பயன் இல்லை.

டிஸ்க் ஒலியின்றிச் சுழன்று, கணினியில் சரியான அளவோடு தெரிந்தால், ஸ்மார்ட் பதிவுகளில் 5, 197, 198 ஆகிய எண்களைப் பாருங்கள். முறையே மாற்றிடம் தரப்பட்ட செக்டர்கள், படிக்க முடியாமல் நிலுவையில் உள்ளவை, சரிசெய்ய இயலாதவை ஆகியவற்றின் எண்ணிக்கை அவை. சில நூறு வரை இருந்து, மணிக்கு மணி ஏறாமலும் இருந்தால், லினக்ஸ் தெரிந்த ஒருவர் அருகில் இருக்கும் பட்சத்தில் நீங்களே நகல் எடுக்க முயலலாம் என்பது என் கருத்து. ஆயிரக்கணக்கில் இருந்தாலோ கண்ணெதிரே ஏறினாலோ வேண்டாம்.

நகல் எடுக்க ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலைப் பயன்படுத்துங்கள். சாதாரண நகலெடுப்பு நிரல்கள் படிக்காத இடத்தில் முட்டி மோதி நின்றுவிடும். இது அந்த இடத்தைத் தாண்டிச் சென்று, எளிதாகப் படிக்கக்கூடியதையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, விடுபட்ட இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைக்கும். முதல் சுற்றில் நலமான பகுதிகளை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அது முடிந்த பிறகே, விடுபட்டவற்றைப் பின்புறமாகவும் மறுமுயற்சியாகவும் படிக்கச் சொல்லுங்கள். நலிந்த டிஸ்க் எந்த நேரத்திலும் மூச்சை நிறுத்திவிடக்கூடும் என்பதால், கிடைப்பதை முதலில் வாங்கிக்கொள்வதே முறை. வரைபடக் கோப்பைத் தொலைத்துவிடாதீர்கள். இடையில் நிறுத்தித் தொடரவும், எந்தக் கோப்புகள் பாதிக்கப்பட்டன என்று பின்னர் கண்டறியவும் அதுவே ஆதாரம். டிஸ்க்கை யூஎஸ்பி டாக் வழியாக மாட்டாமல், கணினியின் சாட்டா இணைப்பிலேயே நேரடியாக மாட்டுங்கள். பல டாக்குகள் பிழை நேரும்போது திணறி இணைப்பையே துண்டித்துவிடுகின்றன. ஒரு மின்விசிறியையும் அருகில் வையுங்கள். நலமான 4 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் படிக்க ஏழரை மணி நேரம் ஆகும். நலிந்ததற்கு நாட்கள்கூட ஆகலாம், அவசரப்படுத்த வழியில்லை.

2, 4 ஆகியவற்றையும் இதேபோல நகலெடுங்கள். அவையும் அதே வயதுள்ளவை, அதே சூட்டில் ஓடியவை. பழைய மூன்றாம் டிஸ்க்கையும் நகலெடுத்து வைப்பது நல்லது என்பேன். அதை மட்டம் தட்டிப் பேசினேனே என்று நினைக்க வேண்டாம். தொகுதியைத் திறக்க அது உதவாது, ஆனால் முதலாம் டிஸ்க்கில் படிக்காமல் போன ஓட்டைகளை அடைக்க அதுவே உதவும். ஓட்டை விழுந்த இடத்தில் இருப்பது 2019-இல் செய்து அதன் பிறகு தொடாத ஒரு டிசைன் என்று கொள்வோம். அந்த நிலையில் உள்ள துண்டுகள் எவையும் ஐந்து வாரங்களில் மாறவில்லை என்றால், 2, 4, பழைய 3 ஆகியவற்றைக் கொண்டு முதலாம் டிஸ்க்கின் விடுபட்ட செக்டரைத் துல்லியமாகக் கணக்கிட்டுவிடலாம். பாதி ரீபில்டு ஆன புதிய டிஸ்க்கும் தான் எட்டிய எல்லை வரை இதற்கு ஒத்து நோக்க உதவும். இது வரைபடக் கோப்பை வைத்துக்கொண்டு பொறுமையாகச் செய்ய வேண்டிய நுணுக்கமான வேலை. முக்கியமான கோப்பு ஏதேனும் ஓட்டையில் விழுந்திருந்தால் மட்டும் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

நகல்கள் தயாரானதும் அசல் டிஸ்க்குகளை அலமாரியில் பூட்டிவிடுங்கள். நகல்களின் மீதும் நேரடியாக வேலை செய்யாமல், லினக்ஸில் ஒரு தற்காலிக அடுக்கை அவற்றின் மேல் விரித்து, எழுதப்படும் எதுவும் அந்த அடுக்குக்கே போகும்படி அமைத்துக்கொண்டால், முயற்சி பிசகினாலும் அடுக்கை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கலாம். அந்த ஏற்பாட்டோடு மூன்று நகல்களையும் வலிந்து இணைக்கும் கட்டளையைக் கொடுத்தால், முதலாம் டிஸ்க்கின் நிகழ்வு எண்ணில் உள்ள சிறு வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் தொகுதி எழும். அதன் மேல், சேமிப்பிடத்தைப் பகிர்ந்து நிர்வகிக்கும் எல்விஎம் அடுக்கு இருந்தால் அதையும் உயிர்ப்பித்து, கோப்பு முறைமையைப் படிப்பதற்கு மட்டும் என்ற நிபந்தனையோடு திறக்க வேண்டும். அது இஎக்ஸ்டி4 வகைக் கோப்பு முறைமை என்றால், முடிவடையாத மாற்றங்களின் பதிவேடான ஜர்னலை ஓட்டாமல் திறக்கச் சொல்லும் விருப்பமும் உண்டு, அதையும் சேருங்கள். சில நிறுவனங்கள் தங்கள் பெட்டிகளுக்காக இந்த அடுக்குகளை மாற்றியமைத்திருப்பதால் சாதாரண உபுண்டு லினக்ஸில் திறக்காமலும் போகலாம். அப்போது ஆர்-ஸ்டுடியோ, யூஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் போன்ற கட்டண மென்பொருள்கள் கைகொடுக்கும். கோப்புகள் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகு பணம் கட்டினால் போதும்.

கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்துவிட்டால் மகிழ்ந்து நின்றுவிடாதீர்கள். பெயர்ப் பட்டியல் சரியாக வருவதும் உள்ளடக்கம் சரியாக இருப்பதும் வேறு வேறு. துண்டின் அளவு 64 கிலோபைட் என்றால், அதைவிடச் சிறிய கோப்பு பெரும்பாலும் ஒரே துண்டுக்குள் அடங்கிவிடும். டிஸ்க் வரிசை தவறாக இருந்தாலும் அது திறக்கக்கூடும். பல டிஸ்க்குகளைக் கடந்து செல்லும் பெரிய கோப்புதான் உண்மையைச் சொல்லும். ஆகவே 30, 40 மெகாபைட் அளவுள்ள படங்களை, பழைய ஆண்டுகளிலிருந்தும் சென்ற வாரத்திலிருந்தும் எடுத்துத் திறந்து பாருங்கள். சிறியவை திறந்து பெரியவை பட்டை பட்டையாக உடைந்து தெரிந்தால், வரிசை தவறு அல்லது காலாவதியான டிஸ்க் உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். பழையவை திறந்து புதியவை மட்டும் உடைந்தால், ஏறக்குறைய உறுதியாக மூன்றாம் டிஸ்க்தான் காரணம். எல்லாம் சரியென்றால், ஆல்பத்துக்குரிய ஃபோல்டர்களை முதலில் வேறொரு டிஸ்க்குக்கு எடுத்துக்கொண்டு, பிறகு மற்றவற்றைத் தொடருங்கள்.

இதற்கிடையில் ஆடிப்பெருக்கு காத்திருக்காது என்பதை உணர்கிறேன். நாஸ் பெட்டி ஒன்றில்தான் எல்லாம் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அச்சகத்தில் அப்படி இருப்பது அரிது. அச்சுத் தகடு எடுக்கும் உங்கள் சிடிபி கணினியில், கோப்புகளை அதற்கேற்ப மாற்றும் ஆர்ஐபி மென்பொருளின் ஃபோல்டரில், பிளேட் எடுத்த வேலைகளின் பிரித்த வண்ணக் கோப்புகள் நீக்கப்படாமல் கிடக்கலாம். கோரல்டிராவின் தானியங்கி பேக்கப் கோப்புகள் டிசைனர்களின் கணினிகளில் இருக்கலாம். வாடிக்கையாளர்களின் ஒப்புதலுக்காக மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பிய பிடிஎஃப்கள் இருக்கலாம். ஐந்து வார வேலையில் ஒரு பகுதியை, டிஸ்க் எதையும் தொடாமலே, இன்றைக்கே உங்கள் ஆட்கள் தேடி எடுத்துவிட முடியும்.

ஆய்வகத்துக்கு அனுப்புவதென்று முடிவானால், பழுதானதை மட்டும் அனுப்பாமல் ஐந்து டிஸ்க்குகளையும் அனுப்புங்கள். ஒவ்வொன்றையும் நிலைமின் தடுப்பு உறையில் இட்டு, ஒன்றோடொன்று முட்டாமல் கனமான ஃபோமில் பொதிந்து, ஒட்டிய சீட்டுகளோடு அனுப்ப வேண்டும். வால்யூம் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தால் அதன் சாவி இல்லாமல் எவராலும் எதுவும் செய்ய இயலாது, அதைத் தேடி வையுங்கள். பணம் பேசுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: அசலில் எழுதாமல் நகலில்தான் வேலை செய்வீர்களா, பணம் வாங்கும் முன் மீளக்கூடிய கோப்புகளின் பட்டியலையும் சில பெரிய கோப்புகளையும் திறந்து காட்டுவீர்களா, முயற்சி தோற்றால் எல்லா டிஸ்க்குகளையும் வந்த நிலையிலேயே திருப்பித் தருவீர்களா. இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லாத இடத்தில் விலை குறைவாக இருந்தாலும் கொடுக்காதீர்கள். இதுவரை யார் என்ன கட்டளை கொடுத்தார், எதை அழுத்தினார் என்பதையும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். ஊழியர் மேல் பழி வந்துவிடுமோ என்று மறைக்கப்படும் ஒரு தகவலால் ஆய்வகத்தின் பல நாள் உழைப்பு வீணாவதுண்டு.

எதிர்காலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சிலவற்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் ஆகியோர் 1988-இல் ரெய்டு பற்றிய கட்டுரையை வெளியிட்டபோது, விலையுயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான பல சிறிய டிஸ்க்குகளைக் கொண்டு வேலையைத் தடையின்றி நடத்துவதே நோக்கமாக இருந்தது. பெட்டி நிற்காமல் ஓடுவதற்கு அது உதவும், பேக்கப்புக்கு மாற்றாக அது எந்நாளும் கருதப்பட்டதில்லை. புதிய அமைப்பில் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6-ஐத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை முழு டிஸ்க்கையும் படித்துச் சோதிக்கும் ஸ்க்ரப்பிங் வசதியை இயக்கி, எச்சரிக்கை உங்கள் கைபேசிக்கே வரும்படி செய்யுங்கள். இனி எப்போதாவது ஒரு டிஸ்க்கின் விளக்கு ஆரஞ்சானால், புதிய டிஸ்க்கைப் போடுவதற்கு முன்பே, பெட்டி இன்னும் கோப்புகளைக் கொடுத்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், முக்கியமானவற்றை வெளியே நகலெடுத்துவிடுங்கள். ரீபில்டு அதற்கு அடுத்த வேலை. புதிதாக வாங்கும் டிஸ்க், தடங்களை ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து எழுதும் எஸ்எம்ஆர் வகையாக இல்லாமல், அவற்றைத் தனித்தனியாக எழுதும் சிஎம்ஆர் வகையா என்று கேட்டு வாங்குங்கள். நாஸுக்கென்றே விற்கப்பட்ட சில வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் மாடல்கள் எஸ்எம்ஆர் என்பதை அந்த நிறுவனமே 2020-இல் ஒப்புக்கொண்டது. இவ்வகை டிஸ்க்குகளில் ரீபில்டு மிகவும் நீளும்.

டிஸ்க்குகளைக் கணினியில் மாட்டிப் பார்க்க முடிந்தால், நான்கு பழைய டிஸ்க்குகளின் நிகழ்வு எண்கள், முதலாம் டிஸ்க்கின் 5, 197, 198 ஆகிய ஸ்மார்ட் எண்கள், பெட்டியின் மாடல், வால்யூம் என்கிரிப்ட் செய்யப்பட்டதா என்பது ஆகியவற்றை எனக்கு எழுதுங்கள். முதலாம் டிஸ்க்கில் தட்டும் ஒலி கேட்டால் எண்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், அதை மறுபடியும் மின்சாரத்தில் மாட்டாமல் ஐந்தையும் பொதிந்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
தரவு மீட்புப் பொறியாளர்